படிவத்தில் இல்லாத கட்டம்

வீடற்றவர்களைக் கணக்கெடுக்கிற படிவம் ஒன்று என் கையில் இருக்கிறது. முன்னும் பின்னுமாக ஒரே தாள். கதை, கவிதையை வாசிப்பது போலவே இதையும் வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. எழுதியது யார், யாருக்காக எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது என்று ஒரு நாவலிடம் கேட்கிறோம். அதே கேள்விகளை இதனிடமும் கேட்கலாம். நம் ஜனங்களின் வாழ்க்கையை நாவல்களைவிட இம்மாதிரிப் பிரதிகள்தான் தீர்மானிக்கின்றன. நமது விமர்சகர்களோ இவற்றை எழுத்தாகவே மதிப்பதில்லை.

சென்னையில் வீடற்றோருக்காக வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனத்தின் படிவம் இது. அவர்களோடு ஒரு ராத்திரி வால்டாக்ஸ் சாலைப் பக்கம் கணக்கெடுக்கப் போனேன். பெயர், வயது, ஆதார் எண், சொந்த ஊர், தொழில், நோய், கெட்ட பழக்கம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசியில் ‘தெருவுக்கு வந்த காரணம்’ என்று ஒரு கேள்வி. அதன் கீழே குடும்பத் தகராறு, குடி, மனநலக் குறைவு, முதுமை, வேலை தேடி வந்தது, பிற என்று குறி போட இடம் விட்டிருந்தார்கள்.

இந்தப் பட்டியலை ஒரு தரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். காரணம் பூராவும் அந்த ஆளுக்குள்ளேயே இருக்கிறது. அவன் குடித்தான், அவள் சண்டை போட்டாள், கிழவனாகிவிட்டான், புத்தி பேதலித்துவிட்டது. குடிசையை இடித்தார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. பாட்டன் காலத்திலிருந்து ஒரு சாண் நிலம் இல்லை என்பதற்குக் கட்டம் இல்லை. சாதிக்குக் கட்டம் இல்லை. இடித்தவனும் நிலம் வைத்திருப்பவனும் இந்தப் பிரதிக்குள் வருவதே இல்லை.

அங்கே பிளாட்பாரத்தில் ஒரு அக்கா. என்னோடு வந்த தம்பி இந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “நான் எங்கப்பா தெருவுக்கு வந்தேன்? இங்கதான் பொறந்தேன். எங்கம்மாவும் இங்கதான்.” தம்பி ‘பிற’ என்பதில் குறி போட்டார். சொந்த ஊர் எது என்றதற்கு அக்கா அந்தத் தெருவின் பேரைச் சொன்னார். “அது இல்லம்மா, சொந்த ஊரு” என்று மறுபடி கேட்டார் தம்பி. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துவைத்த நாட்டில், சேரியும் கிடைக்காதவளிடம் ஊரைக் கேட்கிறது படிவம்.

அந்த அக்கா கேட்ட இன்னொன்றை மறக்க முடியவில்லை. “போன மாசம் ஒருத்தர் எழுதிக்கினு போனாரு. அதுக்கு முன்ன ரெண்டு பொண்ணுங்க. எல்லாருக்கும் இதே கதைய சொன்னேன். நீங்கள்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க மாட்டீங்களா?”

நியாயமான கேள்வி. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கிறது. ஒரே ஆள் நாலு பதிவேட்டில் இருப்பார், இன்னொருத்தர் எதிலுமே இருக்க மாட்டார். காப்பகத்துக்கு ஒரு கதை, ஆஸ்பத்திரிக்கு ஒரு கதை, ரேஷன் கார்டுக்கு ஒரு கதை என்று தன் துயரத்தையே திரும்பத் திரும்ப ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தகவலைத் திரட்டி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. எதைப் பகிர்வது, யாரோடு பகிர்வது என்பதில்தான் சண்டை.

அரசாங்கத்தின் கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கு ஒதுக்கியது பிப்ரவரி 28 என்கிற ஒரே ராத்திரி. நடைபாதை, பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலையம், பெரிய குழாய்களின் உட்புறம் என்று எங்கே தேட வேண்டுமென்று விளக்கம் உண்டு. அப்படி எண்ணியதில் நாடு முழுக்க 17.7 லட்சம் பேர். 2001-இல் இது 19.4 லட்சமாக இருந்தது. குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் நகரக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதே பத்து வருஷத்தில் நகரங்களில் 7.8 லட்சம் 9.4 லட்சமாகியிருக்கிறது. சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் போட்டார்களே, அவர்கள் கணக்கில் வீடுள்ளவர்கள். பிழைப்பு பழைய இடத்திலேயே கிடக்க, அதைத் தேடி வந்து பாலத்தடியில் படுத்தாலும் காகிதத்தில் அவருக்கு வீடு உண்டு.

இந்த எண்ணிக்கை எதற்குப் பயன்படுகிறது? லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு காப்பகம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டமும் அதையே எடுத்துக்கொண்டு, காப்பகத்துக்கு 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி என்று விதி வகுத்தது. கவனியுங்கள் தோழர்களே, இந்தக் கணக்கு நகரத்தின் மொத்த ஜனத்தொகையை வைத்துப் போட்டது. தெருவில் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்பதை வைத்துப் போட்டதல்ல. காப்பகங்கள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று நேரில் பார்த்துச் சரிபார்க்க 2016-இல் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவையே உச்ச நீதிமன்றம் போட வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலும் ஜனவரி மாதத்து ஒரு ராத்திரியில் வீடற்றவர்களை எண்ணுகிறார்கள். அங்கே இனத்துக்குக் கட்டம் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு அறிக்கையில், ஜனத்தொகையில் 100-க்கு 12 பேராக இருக்கிற கறுப்பர்கள் வீடற்றவர்களில் 100-க்கு 32 பேர். கட்டம் இருந்ததால் அநியாயம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அது குடியால் வந்தது, சோம்பலால் வந்தது என்று இனிமேல் யாரும் லேசில் சொல்லிவிட முடியாது. இங்கே மக்கள்தொகைக் கணக்கில் பட்டியல் சாதியைக் கேட்கிறார்கள். ஆனால் 1950-ஆம் வருஷத்து ஆணை கிறிஸ்தவத் தலித்தை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. வட சென்னை பிளாட்பாரத்தில் கழுத்தில் ஜெபமாலையோடு படுத்திருப்பவர் பறையராகவே பிறந்து பறையராகவே ஒதுக்கப்பட்டாலும் எண்ணிக்கையில் பறையர் கிடையாது. நான் பார்த்த தொண்டு நிறுவனப் படிவத்திலோ கேள்வியே இல்லை. “நாங்க சாதி பாக்கறதில்லை சார்” என்று அதன் பொறுப்பாளர் பெருமையாகச் சொன்னார். பார்க்காமல் இருப்பது அவருக்குச் சௌகரியம். சாதி அவரைப் பார்க்காமல் விட்டுவைத்திருக்கிறது.

அப்படியென்றால் கட்டத்தைச் சேர்த்துவிட்டால் போதுமா? நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். எழுதி முடித்த பிறகு அந்த அக்காவிடம் “நீங்க எந்த ஆளுங்கக்கா?” என்றேன். முறைத்தார். “நீ எந்த ஆளு?” சொன்னேன். “அத மொதல்லயே சொல்றதுக்கென்ன” என்றவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணியில் சொன்ன எதற்கும் படிவத்தில் இடமில்லை. கடைசியில், “எழுதிப்புடாத சாமி. நான் பாத்திரம் தேய்க்கிற வூட்ல தெரிஞ்சா நாளைக்கி உள்ள வுட மாட்டாங்க” என்றார்.

என் வாதத்துக்கு இதைவிடப் பலமான ஆதாரம் இல்லை. என் திட்டத்துக்கு இதைவிடப் பெரிய தடையும் இல்லை. அவர் பயம் வெறும் பயமல்ல. இந்த மண்ணில் அலைந்து திரிகிறவர்களைப் பேர் பேராகப் பட்டியல் போட்ட வேலை குற்றப் பரம்பரைச் சட்டத்தில் நடந்தது. 1871-இல் வந்த அச்சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கைரேகை எடுத்தார்கள், ஆஜர் எடுத்தார்கள். பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய 1945-ஆம் வருஷத்துச் சட்டமும் உண்டு. தெருவில் இருப்பவருக்குப் பட்டியல் என்றால் அடுத்து போலீஸ் வேன். இன்று ஆதார் எண்ணோடு கூடிய பட்டியல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிறது. அப்புறப்படுத்த வருகிறவன் மேசைக்கு அது போகாது என்று யார் உத்தரவாதம் தருவது?

மணிமேகலையில் ஆபுத்திரன் கதையை எம்.ஏ. வகுப்பில் படித்தேன். பிறப்பைக் கேட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன் அவன். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். மதுரைக்குப் போய் அம்பலத்தில் தங்கி, தான் வாங்கிய பிச்சையைக் கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர், ஆதரவற்றவர், நோயாளி என்று கூப்பிட்டுக் கொடுத்தான். அவன் மனசில் இருந்ததும் ஒரு பட்டியல்தான். ஆனால் அது பசித்தவனுக்குச் சோறு போடுவதற்கான பட்டியல். பிறப்பை ஏன் கேட்கவில்லை என்றால், அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். எனவே கேட்காமல் இருக்கும் உரிமை அந்தக் கேள்வியால் அடிபட்டவனுக்கு உண்டு. அடிபடாதவன் கேட்காமலிருப்பது வேறு.

நமது கோரிக்கைகள் சிக்கலானவை அல்ல. தெருவுக்கு வந்த காரணத்தில் இடிப்பு, நிலமின்மை, சாதி மூன்றும் வர வேண்டும். சாதியைக் கேட்பவர் அதே ஜனங்களிலிருந்து வர வேண்டும். சொல்ல விருப்பமில்லாதவரை விட்டுவிட வேண்டும். காப்பகமும் ஆஸ்பத்திரியும் பேரைப் பகிர்ந்துகொள்ள அந்த ஆளின் சம்மதம் வேண்டும். போலீசுக்குப் பேர் போகவே கூடாது. சாதியும் காரணமும் பேரோடு ஒட்டாமல் மொத்த எண்ணிக்கையாக ஊரறிய வெளிவர வேண்டும். இப்போது நடப்பது இதற்குத் தலைகீழ். பேரைப் பகிர்கிறார்கள், காரணத்தை மறைக்கிறார்கள். சாதிவாரியாக எண்ணப்போவதாக 2025-இல் மத்திய அரசு அறிவித்த பிறகும், தெருவில் கிடப்பவரிடம் யார், எப்படிக் கேட்பது என்பதை நாம் பேசாமலிருந்தால் வேறு யாரும் பேசப் போவதில்லை.

கிளம்பும்போது அந்த அக்கா தம்பியைக் கூப்பிட்டு, “இன்னா எழுதியிருக்க, படி பாக்கலாம்” என்றார். நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தம்பி அடுத்த ஆளிடம் போய்விட்டார். எழுதியதை எழுதப்பட்டவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். தகவலை முதலில் பகிர வேண்டியது அவரோடுதான்.