வாத்துக் குஞ்சும் காளையும்

வேறுபட்டோரை ஏற்கும் மனப்பாங்கைச் சிறாரிடத்து வளர்க்க ஆசிரியர் பலர் கையாளும் கதை, டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் 1843இல் வெளியிட்ட 'அழகற்ற வாத்துக் குஞ்சு' ஆகும். அக்கதை அப்பணியைச் செய்கின்றதா என்பது ஐயத்திற்குரியது. பண்ணை முற்றத்திற் கொத்துண்டு துரத்தப்பட்ட குஞ்சு இறுதியில் அன்னமாகின்றது. சிறுவர்கள் அதன் அழகைப் போற்றுகின்றனர். ஆயின், கொத்திய வாத்துக்கள் மனம் மாறினவா? கதை அம்முற்றத்திற்குத் திரும்புவதேயில்லை. அன்னம் அன்னங்களோடு சேர்கின்றது, அவ்வளவே. திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் இருக்கும் வகுப்பில் இதனைச் சொல்லும் ஆசிரியர், நீயும் ஒருநாள் அன்னமாவாய் என அவனுக்கு வாக்களிக்கின்றார். ஏனைய பிள்ளைகளிடம் எதனையும் கோருவதில்லை.

கிழவியின் குடிசைக் காட்சி இதற்கு விதிவிலக்கு. முட்டையிடத் தெரியுமா எனக் கோழியும், முதுகை வளைக்கத் தெரியுமா எனப் பூனையும் வினவும் அவ்விடத்து, தம் திறனையே பிறர்க்கும் அளவுகோலாக்கும் போக்கை அன்டர்சன் நன்கு எள்ளுகின்றார். (சிறுவர்க்கான சுருக்கங்கள் சிலவற்றில் வெட்டப்படுவதும் இப்பகுதியே!)

மன்றோ லீஃப் எழுதி, றொபேட் லோசன் படம் வரைந்து 1936இல் வெளிவந்த பேர்டினன்ட் என்னும் காளையின் கதை வேறு வழி செல்கின்றது. ஏனைய கன்றுகள் முட்டி மோத, அவன் மரநிழலில் அமர்ந்து பூக்களை முகர்கின்றான். கவலையுற்ற தாய்ப்பசு அவனை வினவுகின்றாள்; தனிமை அவனை வருத்தவில்லை என்றறிந்ததும் அவன் போக்கில் விட்டுவிடுகின்றாள். மாட்றிட் நகரின் களத்திலும் பெண்களின் கூந்தற் பூமணத்தை நுகர்ந்தபடி அவன் அமர்ந்தேயிருக்கின்றான். மறைந்திருந்த திறமை எதுவும் பின்னர் வெளிப்பட்டு அவனை நியாயப்படுத்துவதில்லை.