அலமாரிக் கதவுக்குப் பின்னால்

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை, சமையலறையை விட்டு வெளியேறச் சொல்லும் கதையாகவே பெரும்பாலும் வாசிக்கிறோம். என் கவனம் அதற்கு முந்தைய இடத்தில் நிற்கிறது. மருமகள் மீனாட்சி முதலில் கேட்பது பாத்திரம் கழுவப் பெரிய தொட்டியும் அடுக்களையை ஒட்டி அகலமான வராந்தாவும்தான். கிடைப்பதோ சன்னலின் குறுக்கே துணிக்கொடி. வெளியே தெரிந்த மலையும் மறைந்துபோகிறது.

இந்தக் கோரிக்கையைச் சில்லறை விஷயமென்று தள்ளுவதை நான் ஏற்கவில்லை. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை, அலமாரி, மேடை, இழுப்பறை எல்லாவற்றையும் வேலையின் வரிசைப்படி அமைத்து நடையைக் குறைத்தது. ஒருவர் மட்டும் நிற்கும்படியான அந்தச் சிற்றறை சமைப்பவளைத் தனியாக்கியது என்ற விமர்சனமும் பின்னர் எழுந்தது.

இன்று பழைய வீட்டில் மாடுலர் கிச்சன் போடும்போது கதவின் நிறத்தைப் பெண்ணிடம் கேட்கிறார்கள். மேடை யார் உயரத்துக்கு, தொட்டியில் குக்கர் அடங்குமா, இரண்டு பேர் நின்று வேலை செய்ய இடமிருக்குமா என்று கேட்பதில்லை. அந்த இரண்டாமவர் யார் என்பதை, அலமாரிக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே வீட்டில் பேசிவிட வேண்டும்.