காதுக்குள் போன தீர்ப்பு

கண்டியில் கிரிக்கெட் பேச்சு எங்கே தொடங்கினாலும், 2001 மார்ச்சில் நடந்த அஸ்கிரிய டெஸ்டில் வந்துதான் நிற்கும். இங்கிலாந்துடனான அந்த ஆட்டத்தில் மத்தியஸ்தர்கள் விட்ட பிழைகளை இன்றும் விரல் மடித்து எண்ணிக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். இப்போது அந்தப் பேச்சின் வாலில் ஒரு புது வசனமும் சேர்ந்துவிட்டது: அன்றைக்கு மத்தியஸ்தர்களின் காதில் இந்த ஹெட்செட் இருந்திருந்தால் இப்படியெல்லாம் நடந்திருக்குமா? அதே மூச்சில், பாடசாலை றக்பி மத்தியஸ்தர்களுக்கும் இதை வாங்கிக் கொடுத்துவிட்டால் சண்டை சச்சரவு எல்லாம் ஓய்ந்துவிடும் என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் இது எளிதில் எடுபடுகிறது. ஆனாலும் இந்த வாதம் அடியிலிருந்தே பிழை.

அஸ்கிரியவில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். இரண்டாவது இன்னிங்ஸில் கெடிக்கின் பந்தை ஜயசூரிய வீசி அடித்தார். பந்து துடுப்பில் பட்டு, நிலத்தில் குத்தி எழும்பி, ஸ்லிப்பில் நின்ற தோர்ப்பின் கைக்குப் போனது. மத்தியஸ்தர் ரூடி கேர்ட்சன் விரலை உயர்த்தினார். ஜயசூரிய ஹெல்மெட்டை எறிந்துவிட்டுப் போனார். தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் மூன்றாவது மத்தியஸ்தர் உட்கார்ந்துதான் இருந்தார். 1992இல் டர்பனில் டெண்டுல்கரின் ரன் அவுட்டோடு தொடங்கி எட்டு வருடத்துக்கு மேல் பழகிப்போன ஏற்பாடு அது. கேர்ட்சன் அவரிடம் கேட்கவில்லை. பந்து நிலத்தில் பட்டிருக்கலாம் என்ற சந்தேகமே வராத ஒருவருக்குக் காதில் எந்தக் கருவியை மாட்டினாலும் என்ன பயன்? முதல் இன்னிங்ஸில் நாசர் ஹுசைன் தப்பிய பிடிகள் வேறு கதை. பந்து துடுப்பில் பட்டதா என்று மேலே கேட்க அன்றைய விதி இடம் தரவில்லை. ஒன்றில் குறைந்தது ஐயம், மற்றதில் குறைந்தது விதி. கருவி எதிலும் குறையவில்லை.

கருவி எல்லாம் இருந்தும் நடந்ததற்குத் தம்புள்ளை சாட்சி. 2024 பெப்ரவரி 21, ஆப்கானிஸ்தானுடனான கடைசி ரி20. கடைசி ஓவரில் கமிந்து மெண்டிஸுக்கு இடுப்புக்கு மேலே வந்த ஃபுல்டோஸ் நோ போல் ஆகவில்லை. நாம் 3 ஓட்டங்களால் தோற்றோம். மத்தியஸ்தரைத் திட்டிய வனிந்து ஹசரங்கவுக்குத் தடை வந்தது. களத்தில் நின்ற இருவருக்கும் மேலே இருந்தவரோடு பேச வழி இருந்தது, மேலே இருந்தவரிடம் படமும் இருந்தது. விக்கெட் விழாத பந்தின் உயரத்தைப் பார்த்துச் சொல்லத்தான் விதி விடவில்லை.

ஹெட்செட்டால் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2018 நவம்பரில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் லக்ஷான் சந்தகனின் பந்தில் ஆட்டமிழந்த பென் ஸ்டோக்ஸ், கோட்டைத் தாண்டிய கால் காரணமாக இரண்டு தடவை திருப்பி அழைக்கப்பட்டார். விக்கெட் விழாத பந்துகளில் தாண்டிய காலை யாரும் கவனிக்கவில்லை என்பதும் அன்றுதான் அம்பலமானது. 2020 முதல் அந்தக் கோட்டைத் தொலைக்காட்சி மத்தியஸ்தர் பார்த்துக் காதில் சொல்கிறார், அந்தப் பிழை பெரும்பாலும் ஒழிந்தது. றக்பியில் மத்தியஸ்தரின் முதுகுக்குப் பின்னால் விழும் குத்தைக் கோட்டோரம் கொடியோடு நிற்கும் டச் ஜட்ஜ் உடனே சொல்லிவிடலாம். பப்பரே வாத்தியமும் கூச்சலும் சேர்ந்த இரைச்சலில் முப்பது மீற்றருக்கு அப்பால் நிற்பவரோடு பேச வேறு வழியும் கிடையாது. இவ்வளவும் சரி.

என்னுடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். விளையாட்டுத் தீர்ப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்படி, தீர்ப்புச் சொன்னவர் யார் என்பதும் தெரியும்படி கொடுக்கப்பட வேண்டியது. விரல், கொடி, விசில், நீட்டிய கை எல்லாமே அதற்குத்தான் உண்டாயின. ஹெட்செட் வந்ததும் தீர்ப்பு பிறக்கும் இடம் காதுக்குள் போய்விட்டது. கேட்பவர் ஒருவர், சொன்னவர் இன்னொருவர், கைதட்டலும் வசவும் மூன்றாமவருக்கு.

இது கற்பனைப் பயம் இல்லை. உலகக் கிண்ணக் கால்பந்தில் மத்தியஸ்தர்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டது முதன்முதலில் 2006இல். அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்திலேயே, ஜூலை 9 அன்று பேர்லினில், சிடான் மட்டராசியின் நெஞ்சில் தலையால் மோதினார். பந்து வேறு பக்கம் இருந்தது. நடுவில் நின்ற ஒராசியோ எலிசொண்டோ காணவில்லை. கோட்டோர உதவியாளர்களும் காணவில்லை. நான்காவது மத்தியஸ்தர் லூயிஸ் மெடினா கன்டலேஹோதான் காதில் சொன்னார். எலிசொண்டோ கோட்டோரம் போய் உதவியாளரோடு பேசிவிட்டு வந்து சிவப்பு அட்டையைக் காட்டினார். தீர்ப்பு சரியானது, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த உதவியாளர்தான் கண்டு சொன்னார் என்று நினைத்தார்கள். நான்காமவர் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னார் என்றார் பிரான்ஸ் பயிற்றுநர் டொமெனெக். அன்று ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அனுமதி இல்லை. நேரே கண்ணால் கண்டுதான் சொன்னார் என்று பீஃபா மறுத்தது. நியாயமான ஒரு தீர்ப்பின் மேல் இன்றுவரை அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சில விநாடிப் பேச்சு அப்போதே அரங்கில் கேட்டிருந்தால் சந்தேகத்துக்கு இடமே இருந்திருக்காது.

சரியான தீர்ப்புக்கே இந்தக் கதி. பிழையான தீர்ப்புக்கு என்ன ஆகும் என்பதை 2023 செப்டெம்பர் 30 டொட்டன்ஹாம் ஆட்டத்தில் பார்த்தோம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த நல்ல கோலுக்குக் கொடி உயர்ந்தது. திரைக்கு முன்னால் இருந்தவர், களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, சரிபார்த்து முடிந்தது என்று மட்டும் காதில் சொன்னார். களத்தில் நின்றவர், கோல் இல்லை என்பது உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். இரண்டு பேரும் ஒரே வசனத்தைச் சொல்லிக் கேட்டு, இரண்டு ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். திரையை இயக்கிய ஊழியர்தான் முதலில் பதறினார். அதற்குள் ஆட்டம் தொடர்ந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்டார்கள். சில நாட்களுக்குப் பின் ஒலிப்பதிவு வெளியிடப்பட்டபோதுதான் அந்தப் பேச்சை உலகம் கேட்டது. அதன் பிறகுதான் காதில் எப்படிப் பேசுவது என்ற நடைமுறையை இறுக்கினார்கள். வெளியே யாரும் கேட்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில் வளர்ந்த அரைகுறைப் பேச்சு, வெளியே கேட்ட பிறகுதான் திருந்தியது.

மத்தியஸ்தர்கள் மனம்விட்டுப் பேச ஒரு தனி இடம் வேண்டாமா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு றக்பி எப்போதோ பதில் சொல்லிவிட்டது. சர்வதேச றக்பியில் மத்தியஸ்தரும் தொலைக்காட்சி மத்தியஸ்தரும் பேசுவதை வீட்டில் இருப்பவர்கள் ஒரு சொல் விடாமல் கேட்கிறார்கள். டுவிக்கன்ஹாம் போன்ற மைதானங்களில் அதைக் கேட்பதற்கென்றே சிறு கருவி விற்கிறார்கள். கோடிக்கணக்கானவர்கள் கேட்கிறார்கள் என்பதால் அவர்கள் வாயடைத்துப் போகவில்லை. என்ன கண்டேன், எந்த விதி, ஏன் மஞ்சள், ஏன் சிவப்பு இல்லை என்று படிப்படியாகப் பேசப் பழகிவிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்தில் 1975 முதல் மத்தியஸ்தர் ஒலிவாங்கியில் தீர்ப்பை அரங்குக்கே அறிவிக்கிறார். உலகக் கிண்ணக் கால்பந்து இந்த வழிக்கு வர 2023 மகளிர் போட்டிவரை சென்றது, அதிலும் முடிவை மட்டும்தான் அறிவித்தார்கள். கிரிக்கெட்டில் ரீவியூ நேரத்துப் பேச்சு தொலைக்காட்சியில் கேட்கிறது. ஆனால் காசு கொடுத்து மைதானத்துப் புல்மேட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய திரையில் படம் மட்டும் ஓடும். மத்தியஸ்தர் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தலையாட்டுவதைத்தான் அவர் பார்க்கிறார். வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது, ஆட்டத்துக்கு வந்தவருக்குத் தெரியாது. இதில் என்ன நியாயம்?

கண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் விளையாடி வளர்ந்த முரளிதரனின் பந்துகளை, அவர் பந்தை எறிகிறார் என்று சொல்லி, 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில் மத்தியஸ்தர் டெரல் ஹெயர் திரும்பத் திரும்ப நோ போல் என்று கை நீட்டி அறிவித்தார். அந்தக் காட்சி நம் நெஞ்சில் இன்னும் முள்ளாகக் கிடக்கிறது. ஆனால் ஹெயர் அதை ஆயிரக்கணக்கானவர்களுக்கு முன்னால், தன் பெயரில், தன் கையால் செய்தார். குற்றச்சாட்டு இன்னது, சொன்னவர் இன்னார் என்று தெரிந்ததால்தான் நம்மால் எதிர்த்து நிற்க முடிந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் முரளியின் கையை அளந்து பதில் சொல்ல முடிந்தது. அதே சந்தேகத்தை ஒருவர் காதில் சொல்லி, இன்னொருவர் தலையாட்டி, முரளியைப் பந்துவீச்சிலிருந்து மெல்ல ஒதுக்கியிருந்தால் நாம் யாரிடம் போய் நியாயம் கேட்டிருப்போம்? அநியாயமான தீர்ப்பையும் வெளிச்சத்தில் வைத்துத்தான் உடைக்க முடியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கண்டியின் றக்பி மைதானங்களான நித்தவலவுக்கும் பல்லேகலைக்கும் வருவோம். 1945 முதல் நடக்கும் பாடசாலை றக்பிப் போட்டியான பிரட்பி கேடயத்தை விடுங்கள், அதற்குக் கமராவும் கூட்டமும் உண்டு. கண்டிப் பாடசாலைகள் தங்களுக்குள் விளையாடும் சாதாரண ஆட்டங்களில் ரீப்ளேயும் இல்லை, மேலே உட்கார்ந்து பார்ப்பவரும் இல்லை. நடுவில் ஒருவர், இரண்டு பக்கமும் கொடியோடு இருவர். கோட்டோரம் பழைய மாணவர்கள், பெற்றோர், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் சின்னப் பொடியன்கள். டச் ஜட்ஜ் முறைகேட்டைக் கண்டால் கொடியைக் கிடையாக நீட்டி மைதானத்தின் உட்பக்கம் காட்டுவார். அந்த நொடியே எல்லோருக்கும் தெரியும், கண்டது இவர் என்று. பிறகு மத்தியஸ்தர் அவரிடம் நடந்து போவார், இருவரும் பேசுவார்கள், அணித்தலைவரைக் கூப்பிட்டு எந்த இலக்கக்காரர், என்ன குற்றம் என்று சொல்வார். அந்த அரை நிமிடத்தில் பாதிக் கோபம் வடிந்துவிடும்.

இப்போது கொடிக்குப் பதில் ஹெட்செட்டைப் போடுங்கள். ட்ரை வைத்துவிட்டோம் என்று ஒரு பக்கம் குதித்துக்கொண்டிருக்கும்போது மத்தியஸ்தர் விசில் ஊதி, கையை ஆட்டி, இருபது மீற்றர் பின்னால் பெனல்டி கொடுக்கிறார். ஏன்? யாருக்கும் தெரியாது. அவருடைய காதில் வந்தது, அவருடைய காதோடு நின்றுவிட்டது. கோட்டோரத்தில் நிற்பவருக்கு அது ஒரே ஒரு மனிதனின் அநியாயமாகத்தான் தெரியும். கண்டு சொன்ன டச் ஜட்ஜ் கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒன்றும் அறியாதவர்போல நிற்பார். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் சூழ்வது நடுவில் நின்றவரை. பாடசாலை றக்பியில் மத்தியஸ்தர்மேல் கை ஓங்குவது நமக்குப் புதிது இல்லை. அவரைக் காப்பாற்ற என்று சொல்லிக் கொண்டுவரும் கருவி, பழி முழுவதையும் அவர் ஒருவர் தலையில் கட்டிவிடும். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன் ட்ரை ஏன் போனது என்ற காரணமும் கிடைக்காது.

ஆகவே ஹெட்செட்டுக்குக் காசு சேர்க்க முன்வருபவர்களிடம் என் கேள்வி விலையைப் பற்றியது இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் புள்ளி அறிவிக்க, பரிசு அறிவிக்க, பிரமுகர்களை வரவேற்க மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டுகிறோம். மத்தியஸ்தர்களின் பேச்சையும் அதே ஒலிபெருக்கியில் விட அவர்கள் சம்மதிப்பார்களா? முழுவதையும் விட முடியாவிட்டால், தீர்ப்பை மாற்றும் நேரத்திலாவது விடுவார்களா? பேச்சு முழுவதையும் பதிவுசெய்து, கேட்கும் பாடசாலைக்கு மறுநாள் கொடுப்பார்களா? இவற்றில் ஒன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாதவரை டச் ஜட்ஜின் கையில் கொடி இருக்கட்டும். மத்தியஸ்தர் அவரிடம் நடந்தே போகட்டும்.