ஆய்வுக்களமும் வகுப்பறையும்: திருவண்ணாமலையை முன்வைத்து மேல்நிலைச் சமூகவியல் கல்வி குறித்த திறனாய்வு

முன்னுரை

தமிழகத்தில் 1978 முதல் கல்லூரிப் புகுமுக வகுப்பின் இடத்தை மேல்நிலைக் கல்வி பெற்றது. அதன் மாநிலப் பாடத்திட்டத்தில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், புவியியல் ஆகியவை தனிப்பாடங்களாக உள்ளன, சமூகவியல் இல்லை. அண்டை மாநிலங்களான கேரளத்திலும் கர்நாடகத்திலும் அந்நிலையிலேயே அப்பாடம் பயிற்றுவிக்கப்படுகிறது. நூறாண்டுகளாகச் சமூக அறிவியலாளரின் களமாக விளங்கும் திருவண்ணாமலைப் பகுதியில் இவ்வில்லாமை கூர்மையான முரணாகத் தோன்றுகிறது. அம்முரணையும் அதைக் களையும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆயப்பட்ட ஊர்கள்

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களிடம் வினாநிரல் அளித்து ஊர்களை ஆயச்செய்தார். அதன் பயன் 1918இல் நூலாக வெளிவந்தது. அந்நூலில் இடம்பெற்ற தூசி என்னும் ஊர் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. 1980களில் எஸ். குகன் முதலியோர் அவ்வூரை மீண்டும் ஆய்ந்தனர். இதே மாவட்டத்தின் ஆரணி நகரைப் பார்பரா ஹாரிஸ்-ஒயிட் 1970கள் தொட்டு ஆய்ந்துவந்தார். நான்கு பதிற்றாண்டு மாற்றங்களைப் பேசும் தொகுப்பு நூலை 2016இல் பதிப்பித்தார்.

இவ்வாய்வுகளின் மதிப்பு ஐயத்திற்கு இடமற்றது. எனினும் இவை ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆயப்பட்ட ஊர்களின் பதினாறு, பதினேழு அகவை மாணவர் இவற்றைச் சந்திக்கும் வாய்ப்பு வகுப்பறையில் இல்லை. ஸ்லேட்டரின் மாணவர்கள் கல்லூரியில் பயின்றோர் என்பது உண்மையே. ஆயினும் வினாநிரலுடன் மாணவர் ஊருக்குள் செல்லலாம் என்பதை அம்முயற்சி அன்றே மெய்ப்பித்தது. இன்று அம்மாவட்டத்துப் பள்ளி மாணவர் பிறர் ஆய்வில் தகவல் தருவோராக மட்டுமே இடம்பெற இயலும்.

சொல்லும் கருத்தாக்கமும்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் சமூகவியல் பாடநூல்களை மொழிபெயர்த்துத் தந்தால் இக்குறை தீரும் என எண்ண இடமுண்டு. அவற்றின் தரத்தை மறுக்க இயலாது. பதினோராம் வகுப்பு நூல் ஆய்வுமுறைக்குத் தனி இயலே ஒதுக்குகிறது. ஆனால் தமிழ் மாணவரின் சிக்கல் பாடத்தின் பெயரிலேயே தொடங்குகிறது. ‘நீங்கள் எந்தச் சமூகம்?’ என்னும் அன்றாட வினாவில் ‘சமூகம்’ சாதியைக் குறிக்கும் இடக்கரடக்கலாக நிற்கிறது. துறைச்சொல்லாகும்போது அதே சொல் மக்கள்திரள் முழுமையையும் குறிக்கிறது. இவ்விரு பொருள்களுக்கும் இடையிலான தொலைவே தமிழில் சமூகவியலின் முதற்பாடமாக அமையத் தக்கது.

உறவுமுறையும் அத்தகையதே. பெரியப்பா மகளையும் மாமன் மகளையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குகிறது. தமிழ் வழக்கில் முன்னவர் உடன்பிறப்பு. பின்னவர் மணமுறை உடையவர். வட, தென்னிந்திய உறவுமுறைகளின் இவ்வேறுபாட்டை ஐராவதி கார்வே 1953இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். மாணவர் வீட்டிலேயே அறிந்துள்ள இந்நுட்பத்தை நேர் மொழிபெயர்ப்பு மழுங்கடித்துவிடும்.

கிரிவலப் பாதை என்னும் களம்

புனிதப் பயணத்தில் அன்றாட வாழ்வின் ஏற்றத்தாழ்வுகள் தற்காலிகமாகக் கரைகின்றன என்பது விக்டர் டர்னரின் கருத்து. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் முழுநிலவு நாளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நடப்போரிடையே அது பெரிதும் பொருந்துவதாகத் தோன்றும். பாதையோரத்தில் கடை விரிப்போர், பிச்சை ஏற்போர், விடிந்தபின் குப்பை அகற்றுவோர் ஆகியோரையும் கணக்கில் கொண்டால் அக்கருத்து தடுமாறுகிறது. புனிதம், புனிதமற்றது என எமில் துர்க்கைம் வகுத்த பிரிவும் லிங்கச் சன்னிதிகளும் சந்தையும் போக்குவரத்தும் ஒன்றாய்க் கலந்த இப்பாதையில் எளிதில் நிலைகொள்வதில்லை. கோட்பாட்டை மனனம் செய்வதற்கும் அதைக் களத்தில் உரசிப்பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கு விளங்கும்.

மறுப்பும் விடையும்

சாதி, பாலினம், சமூகநீதி ஆகியவை பிற பாடங்களில் இடம்பெறுவதால் தனிப்பாடம் வேண்டா என்று கூறலாம். அப்பாடங்கள் செய்திகளையும் விழுமியங்களையும் தருகின்றன. வினவுதல், உற்றுநோக்கல், பதிவுசெய்தல், ஒப்பிடல் ஆகிய முறையியலைத் தருவது அவற்றின் முதன்மை நோக்கமன்று. இம்மாவட்டத்தின் தென்முடியனூரில் 2023 சனவரியில்தான் பட்டியலின மக்கள் அதிகாரிகளின் பாதுகாப்புடன் அம்மன் கோயிலுள் நுழைந்தனர். தீண்டாமை குற்றம் என்பது பாடநூல் வழி அனைவரும் அறிந்ததே. அறிந்தபின்னும் விலக்கு எவ்வாறு நீடித்தது, கோயில் உரிமையும் நிலமும் உறவுமுறையும் அதில் எவ்வாறு பிணைந்துள்ளன என்னும் வினாக்களே சமூகவியலுக்குரியவை. தமிழகப் பள்ளிகளில் மாணவர் கைகளில் சாதிக் கயிறுகள் காணப்படும் காலத்தில் இவ்வினாக்களைக் கல்லூரிவரை ஒத்திவைப்பது பொருந்தாது. கல்லூரிக்குச் செல்லாதோர்க்கு அவ்வொத்திவைப்பு நிலையான மறுப்பாகிவிடுகிறது.

அதே வேளையில், சாதி குறித்து ஊரில் வினவச்செல்லும் மாணவர் பகைமைக்கு ஆளாகக்கூடும். ஆகவே களப்பணி நீர்நிலை, சந்தை, போக்குவரத்து, குடும்பத் தொழில் போன்றவற்றில் தொடங்கி, ஆசிரியர் துணையுடன் படிப்படியாக விரிதல் வேண்டும்.

முடிவுரை

மேல்நிலையில் சமூகவியல் இன்மை ஒரு பாடப்பிரிவின் குறை மட்டுமன்று. தம் ஊரைப் பற்றிய அறிவை ஆக்குவோர் யார் என்னும் உரிமைச் சிக்கலுமாகும். தூசி, ஆரணி ஆய்வுகளின் சுருக்கத்தைத் தமிழில் தருதல், தமிழ்ச் சொல்வழக்கிலிருந்து கருத்தாக்கங்களை விளக்குதல், சிறுகளப்பணியை மதிப்பீட்டில் சேர்த்தல் ஆகிய மூன்றும் அதற்கான தொடக்கமாக அமையும். ஆயப்பட்ட ஊர்களின் மாணவர், தம் ஊர் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்து மறுத்துரைக்கும் நிலையை எய்துவதே அப்பாடத்தின் பயன்.