வெட்டுருவும் உயிர்ப்பும்

உருவத்தை உறுப்பு உறுப்பாக வரைந்து இணைத்து அசைவிக்கும் சலனச் சித்திரம் உயிரற்றது என்பர் சிலர். அசைவுதோறும் முழு உருவத்தையும் புதிதாக வரைதலே கலையென்பது அவர் கொள்கை. இக்கொள்கை ஆராய்தற்குரியது.

ஜேர்மனியரான லொட்டே றைனிகர் அம்மையார் 1923 முதல் 1926 வரை உழைத்து ஆக்கிய 'இளவரசர் அக்மதின் வீரச்செயல்கள்' என்னும் படத்தை நோக்குவோம். இன்று எஞ்சியுள்ள முழுநீளச் சலனச் சித்திரங்களுள் மிகப் பழையது இதுவே. கரிய அட்டையிலும் ஈயத் தகட்டிலும் உறுப்புக்களைக் கத்தரித்துக் கம்பியாற் பொருத்தி, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி மேசைமீது சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்தார். தோற்பாவைக் கூத்தை அறிந்தார்க்கு இம்முறை முற்றும் புதிதன்று. இருளுருவின் முகத்திலே மெய்ப்பாடு காட்டல் அரிது; ஆயினும், சூனியக்காரனின் நீண்ட விரல்கள் நெளியும்போது அவன் வஞ்சகம் முழுவதும் நமக்குப் புலனாகின்றது. பிரித்து அமைத்தமையால் உயிர் குன்றவில்லை. எங்கே பிரிப்பதென்று அறிந்தமையால் அது மிகுந்தது.

கருமையோடு கருமை கலத்தலால் அவருடைய உருக்களில் மூட்டுவாய் தோன்றுவதில்லை. இன்று கணினியில் வண்ண உருக்களை அசைவிப்போர்க்கு அந்த வாய்ப்பில்லை. மேற்கையின் முடிவையும் முன்கையின் தொடக்கத்தையும் ஒரே அளவான வட்டமாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, வட்டத்தின் நடுவையே சுழலிடமாகக் கொள்ளல் வேண்டும்; தவறினால் முழங்கை மடங்குமிடத்து இடைவெளி தோன்றும். உடலால் மறைக்கப்படும் தோளையும் முழுமையாக வரைதல் வேண்டும்.

பின்னணியை நீக்குதலும் எளிதன்று. 1996இல் வெளிவந்த பீஎன்ஜி என்னும் கோப்புமுறை, வழக்கமான அமைப்பில், ஒவ்வொரு படப்புள்ளியின் ஒளிபுகாமையையும் 0 முதல் 255 வரை குறித்துவைக்க வல்லது. எனினும், வெண்டாளில் வரைந்த கையை அவ்வாறே வெட்டியெடுத்தால், விளிம்புப் புள்ளிகளிற் கலந்த வெண்மை உடன்வரும். இருண்ட காட்சியில் அது வெள்ளைக் கோடாய்த் தெரிந்து, கை ஒட்டப்பட்டதென்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆதலின், வெளிப்படையான தளத்திலே தொடக்கமுதல் தனித்து வரைதலே சிறந்தது.

ஆகவே, உயிரின்மை இம்முறையின் குற்றமன்று. காண்பார்க்குத் தோன்றாத பகுதிதானே என்று வரையாது விட்டவனின் குற்றமாகும். கருவி உறுப்பைச் சுழற்றும். எவ்வுறுப்பு எவ்விடத்தில் சுழல வேண்டுமென்பதை ஓவியனே உணர்தல் வேண்டும். அவ்வுணர்வு கத்தரிக்கோலுக்கும் கணினிக்கும் பொதுவானது.