ஆடியது யார்? ரிமோட்டை எடுத்துப் பார்ப்போம்

கேட்ச் பிடித்தது யார் என்பதில் இரண்டு ஃபீல்டர்கள் மல்லுக்கு நின்றால் எப்படி இருக்கும்? 2011 மார்ச்சில் ஹாலிவுட்டில் அப்படி ஒரு தகராறு நடந்தது. 'பிளாக் ஸ்வான்' படத்துக்காக நடாலி போர்ட்மன் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கு டூப்பாக ஆடிய பாலே கலைஞர் சாரா லேன், முழு உடலும் தெரியும் ஷாட்டுகளில் போர்ட்மன் ஆடியது 5 சதவீதம்தான் என்று போட்டு உடைத்தார். இயக்குநர் டேரன் அரோனோஃப்ஸ்கி எடிட்டரை உட்காரவைத்து எண்ணச் சொன்னார். மொத்த நடன ஷாட்டுகள் 139. அதில் 111 போர்ட்மன், 28 லேன் என்று கணக்கு வந்தது.

யார் சொல்வது சரி? இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒருவர் முழு உடல் ஷாட்டுகளை மட்டும் எண்ணுகிறார். இன்னொருவர் கழுத்தும் கையும் மட்டும் தெரியும் ஷாட்டையும் சேர்த்துக்கொள்கிறார். பேட்ஸ்மேனின் சராசரியை ஸ்ட்ரைக் ரேட்டால் மறுப்பது மாதிரிதான் இது.

தியேட்டரில் இதைச் சரிபார்க்க வழியில்லை. வீட்டில் ப்ளூ-ரே இருந்தால் நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம். 108 நிமிடப் படத்தை அப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான்: கேமரா பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே போவதே இல்லை. பாலேயின் உண்மையான தேர்வு கணுக்காலுக்குக் கீழே நடக்கிறது. படத்தில் ஆடப்படும் 'ஸ்வான் லேக்' பாலேயில் கருப்பு அன்னம் ஒற்றைக் காலில் 32 முறை சுழல வேண்டும். 1895-ல் பியெரினா லெஞானி ஆடிக் காட்டிய அந்தச் சுழற்சி இன்றுவரை நடனமணிகளின் தேர்வுத்தாளாகவே நிற்கிறது. ஓராண்டுப் பயிற்சியில் அது கைக்கு வராது. நாலு வயதில் பாலே தொடங்கிப் பதின்வயதில் விட்டவர் போர்ட்மன். படத்துக்காக மறுபடி ஓராண்டு பாடுபட்டார், படப்பிடிப்பில் விலா எலும்பு விலகியும் ஆடினார். அந்த உழைப்பு முழுக்கத் தோளிலும் முதுகிலும் தெரிகிறது. முற்பாதியில், போர்ட்மன் நடித்த நினாவின் தோள்கள் பூட்டுப் போட்டதுபோல இறுகியிருக்கின்றன, மூச்சு நெஞ்சின் மேல்பகுதியைத் தாண்டி இறங்குவதில்லை. கடைசி ஆட்டத்தில் அதே தோள்கள் அவிழ்கின்றன. கால் இரவல், பயம் சொந்தம். ஆஸ்கர் கிடைத்ததும் அந்தப் பயத்துக்குத்தான்.

அரோனோஃப்ஸ்கி இதற்கு முந்தைய படமான 'தி ரெஸ்லர்' (2008) எடுத்தபோதும் இப்படித்தான்: மல்யுத்த வீரனின் பிடரிக்குப் பின்னாலேயே கேமரா அலையும். இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள். உடம்பை அடகு வைத்துப் பிழைக்கும் இரண்டு ஆட்டக்காரர்கள்.

இப்போது 'பிளாக் ஸ்வான்' படத்தின் காட்சித் தரத்துக்கு வருவோம். ஒளிப்பதிவாளர் மேத்யூ லிபாட்டிக் இதைப் பெரும்பாலும் சூப்பர் 16 ஃபிலிமில் எடுத்தார். 35 மி.மீ. ஃபிலிமோடு ஒப்பிட்டால் அதன் சட்டகம் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. கேமரா சின்னது, தோளில் தூக்கிக்கொண்டு நடனமணியோடு சேர்ந்தே சுழலலாம். ஆனால் அவ்வளவு சின்னச் சட்டகத்தைப் பெரிதாக்கும்போது திரை முழுக்க மணல் தூவியதுபோலப் புள்ளிகள் துடிக்கும். இதைத்தான் கிரெயின் என்கிறார்கள். 'எச்.டி. என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்' என்று டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தத் துடிப்பு நினாவின் தோலுக்கு அடியில் ஓடும் நமைச்சல். கடைசி ஆட்டத்தில் அவள் தோலில் மயிர்க்கூச்சம் பரவுகிறதே, அது கணினியில் செய்த வேலை. கிரெயின் மேலே படர்ந்திருப்பதால்தான் அது ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை என்பது என் கணிப்பு.

கிரெயினின் எதிரி டிவிக்குள்ளேயே இருக்கிறது. அண்ணன் மகன் வாங்கிய புது டிவியில் இந்தப் படத்தைப் போட்டான். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு மாட்டியது, ஒரு செட்டிங்கையும் தொடவில்லை. 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' கிரெயினை வழித்தெடுத்ததில் போர்ட்மன் முகம் மெழுகுப் பொம்மையானது. 'மோஷன் ஸ்மூத்திங்' இல்லாத ஃபிரேம்களைத் தானே செய்து சொருகியதில் சைக்கலாஜிக்கல் த்ரில்லர் மாலை நேர சீரியலாக மாறிவிட்டது. "சூப்பரா இருக்குல்ல சித்தப்பா?" என்றான். ரிமோட்டைப் பிடுங்கிவிட்டேன்.

ஓடிடியில் சிக்கல் வேறு. கிரெயின் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால், அதைச் சுருக்கி அனுப்புவது கடினம். ப்ளூ-ரே வீடியோ நொடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம். 1080பி ஸ்ட்ரீமிங்குக்கோ 5 மெகாபிட் வேகமே போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். அந்த வித்தியாசம் இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகக் கண்ணில் படும்.

ஒலியில் குறையே இல்லை. சைக்கோவ்ஸ்கியின் இசையைக் கலைத்துப் போட்டு கிளின்ட் மான்செல் பின்னியிருக்கிறார், 5.1-ல் கேட்டால் இறகு அடிக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் வரும். ஸ்பீக்கர் இல்லாதவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம்.

டிவியில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டையும் அணைத்து, ஷார்ப்னஸைக் குறையுங்கள். விளக்கையும் அணைத்துவிட்டு முதலில் ஒருமுறை நிறுத்தாமல் பாருங்கள். டூப் எங்கே என்று தேடுவதை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.