பெரியபட்டினத்துப் பச்சை

செலடான் எனப்படும் பச்சை மெருகுப் பாண்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் கொரியாவின் கொக்குகளிடம் போய்விடுகிறார்கள். வெள்ளையும் கருப்புமாய்க் களிமண் பதித்து, மெருகுக்கு அடியில் மேகமும் கொக்கும் மிதக்கும் அந்தச் சங்காம் வேலை அழகுதான். ஆனால் 1123இல் கொரியாவின் கொர்யோ அரசுக்குத் தூது போன சீனர் ஷு சிங் வியந்து எழுதியது நிறத்தைத்தான். நானும் நிறத்தின் கட்சி.

அதிலும் என் மனம் நிற்பது சீனாவின் லாங்சுவான் சூளைகளில் செய்த கிண்ணத்தின் வெளிப்புறத்தில், தாமரை இதழின் நடுமுதுகில். குயவர் அங்கே மெல்லிய மேடு விட்டுச் செதுக்கியிருப்பார். மெருகு உருகும்போது மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். முதுகு வெளுக்கும், ஓரம் கருக்கும். தூரிகையே படாமல் ஓர் இதழுக்குள் இத்தனை பச்சை! கொரிய மெருகு மெல்லியது, அடியில் உள்ளதைக் காட்டுவது. லாங்சுவான் மெருகோ தடித்தது, தானே பேசுவது. எனக்கு இரண்டாவதுதான் உசத்தி.

மெருகில் இரும்பு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மற்றதெல்லாம் நெருப்பின் வேலை. 1200 டிகிரிக்கு மேல் சூட்டை ஏற்றிக்கொண்டே சூளைக்குள் காற்றைக் குறைக்க வேண்டும். காற்று கூடினால் பச்சை போய்ப் பழுப்பு மஞ்சள் வந்துவிடும்.

அந்தப் பச்சை நம் கரைக்கும் வந்தது. இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலு அகழ்ந்தபோது, 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பாண்ட ஓடுகள் கிடைத்தன, லாங்சுவான் ஓடுகளும் அவற்றில் உண்டு. ஜப்பானிய வரலாற்றாளர் நொபொரு கராஷிமா அவற்றை விரிவாக ஆராய்ந்தார். பாண்டியர் காலத்தில் இங்கே வந்து இறங்கிய சரக்கு அது. செலடானுக்காகக் கொரியாவுக்கே போக வேண்டியதில்லை என்று நான் வாதிடுவது இதனால்தான்.

இப்போதோ சென்னைக் கோவிலம்பாக்கத்தில் ரேடியல் ரோட்டுக் கடைகளில் 'செலடான் கலர்' கோப்பை அடுக்கடுக்காய் இருக்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே பச்சை, பெயின்ட் அடித்த சுவரைப் போல. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஓர் அருங்காட்சியகத்தில் நல்ல ஓடு ஒன்றை மஞ்சள் விளக்கின் கீழ் வைத்து, 'சீனப் பாண்டம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் செலடான் செத்துப்போகும். அதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும்.

பெரியபட்டினத்துக் கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பச்சை ஓடு கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.